கறுப்புப் பொடி எந்தப் பக்கம் திரும்பும்?

முந்தின நாள் மாலை, உலையில் சுட்ட வில்லையை மூசையிலிருந்து எடுத்தபோது நகத்தால் சுண்டினால் 'டிண்' என்றது. மறுநாள் காலை வந்து பார்த்தால் அதே வில்லை சாம்பலும் வெள்ளையுமாக உப்பிக் கிடந்தது. தொட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. மாணவி முகத்தில் ஈயாடவில்லை. லேப் அண்ணன் எட்டிப் பார்த்தார். "நீறிப்போச்சுங்க சார். எங்க அப்பத்தா வெத்தலைக்குச் சுண்ணாம்பு நீத்துனா இப்படித்தான் பொரிஞ்சு கிடக்கும்."

அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். அது புரிய எங்களுக்கு மேலும் இரண்டு வாரம் ஆனது.

எங்கள் கல்லூரி கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காட்டு மாவட்டம், ஆனால் கூப்பிடு தூரத்தில் தமிழ்நாடு. பெயர்ப்பலகை மலையாளத்தில் இருக்கும், பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், லேபுக்குள் சண்டை மட்டும் சுத்தத் தமிழில். எம்.எஸ்சி. கடைசி வருட மாணவி ஒருவர் புராஜெக்ட் கேட்டு வந்தார். காந்தம் பற்றி ஏதாவது செய்யவேண்டும், ஆனால் வெளியூரில் போய்த் தங்க வீட்டில் விடமாட்டார்கள் என்றார். எங்களிடம் இருப்பது ஒரு மஃபிள் உலை, வில்லை அழுத்தும் பிரஸ், ஹால் விளைவுச் சோதனைக்கு வாங்கிய, காந்தப்புலத்தை அளக்கும் ஒரு காஸ்மீட்டர், அவ்வளவுதான். குளிர்நிலையில் காந்தத்தை அளக்கும் கருவிக்கு நாங்கள் ஆசைப்படவே முடியாது. எக்ஸ் கதிரால் படிகத்தின் அடுக்கைப் பார்க்கும் எக்ஸ்ஆர்டி மட்டும் கோயம்புத்தூரில் ஒரு இடத்தில் காசு கட்டினால் எடுத்துத் தருவார்கள்.

இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு பொருளின் காந்தத் திசைச்சார்பைப் பார்க்க முடியுமா? முடியும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. பொருளைச் சரியாகப் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

பிடித்த பொருள் கால்சியம் கோபால்ட் ஆக்சைடு. மூன்று கால்சியம், இரண்டு கோபால்ட், ஆறு ஆக்சிஜன். இதன் படிகத்துக்குள் கோபால்ட் அயனிகள் ஒரே திசையில் சங்கிலி சங்கிலியாக நிற்கின்றன. ஒரு சங்கிலியில் ஆக்சிஜன்களால் ஆன எண்முகக் கூடு ஒன்று, முக்கோணப் பட்டகக் கூடு ஒன்று என்று மாறி மாறி வரும். எண்முகத்துக்குள் உட்கார்ந்த கோபால்ட்டுக்குக் காந்தத் திருப்புதிறன் இல்லை. பட்டகத்துக்குள் உட்கார்ந்ததுதான் காந்தம். அதன் ஸ்பின்கள், அதாவது அணுவுக்குள் இருக்கும் குட்டிக் காந்தங்கள், சங்கிலியின் போக்கிலேயே மேலே பார்க்கும், அல்லது கீழே பார்க்கும். பக்கவாட்டில் திரும்பவே விருப்பம் கிடையாது. இந்தப் பிடிவாதத்தைத்தான் திசைச்சார்பு என்கிறோம்.

ஒரு சங்கிலிக்குள் எல்லாரும் ஒற்றுமை. பக்கத்துச் சங்கிலியோடு மட்டும் பகை: நீ மேலே பார்த்தால் நான் கீழே. சங்கிலிகளோ முக்கோண வலையில் நிற்கின்றன. பேச்சுவார்த்தை இல்லாத மூன்று பங்காளிகளை ஒரே திண்ணையில் உட்காரவைத்த கதைதான். இரண்டு பேர் எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளலாம். மூன்றாமவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவருக்கு இணையாகத்தான் உட்காரவேண்டும். ஆங்கிலத்தில் இதை ஃபிரஸ்ட்ரேஷன் என்பார்கள். எங்கள் லேபில் 'திண்டாட்டம்' என்றே பேசிப் பழகிவிட்டோம். முக்கோண வலையில் இந்தத் திண்டாட்டம் சுழிய வெப்பநிலையிலும் தீராது என்று வானியர் என்ற இயற்பியலாளர் 1950-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். எங்கள் பொருளில் சுமார் 25 கெல்வினுக்குக் கீழே ஒழுங்கு வரும். அதற்கும் கீழே குளிர்த்துக் காந்தப்புலம் கொடுத்தால், காந்தமாக்கம் முழு அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு ஏறி அங்கேயே நிற்கும். இரண்டு சங்கிலி மேலே, ஒன்று கீழே. புலம் 3.6 டெஸ்லா அளவைத் தாண்டினால்தான் அந்தக் கடைசிப் பங்காளியும் பணிவார்.

அந்த 25 கெல்வின் எங்களுக்கு எட்டாது. ஆனால் மேலே-கீழே பிடிவாதம் அறை வெப்பநிலையிலும் ஓரளவு மிச்சம் இருக்கும். எங்கள் திட்டமே அதை நம்பித்தான். பொடியை எப்பாக்சிப் பிசினில் கலந்து காந்தங்களுக்கு நடுவில் இறுகவிட்டால், ஒவ்வொரு துகளும் தன் சங்கிலித் திசை புலத்தோடு சேரும்படி திரும்பிக்கொள்ளவேண்டும். பிசின் இறுகியபின் எக்ஸ் கதிரிடம் கேட்டால் போதும், எந்த அச்சு திரும்பியிருக்கிறது என்று சொல்லிவிடும். சாதாரண எக்ஸ்ஆர்டி ஸ்பின்னைப் பார்க்காது, அணுக்களின் அடுக்கைத்தான் பார்க்கும். ஆனால் ஸ்பின் சொன்னதைக் கேட்டுத்தான் அடுக்கு திரும்பியிருக்கிறது.

சரி, உலைக்கு வருவோம்.

5 கிராம் பொருளுக்கு 4.494 கிராம் கால்சியம் கார்பனேட், 2.402 கிராம் கருப்புக் கோபால்ட் ஆக்சைடு. கோபால்ட் தூள் நுரையீரலுக்கு ஆகாது, அதனால் மாஸ்க், கையுறை இல்லாமல் டப்பாவைத் திறக்கவிடவில்லை. கார்பனேட்டை முதலில் 200 டிகிரியில் காயவைத்தோம். ஆடி மாதத்து ஈரத்தில் அப்படியே எடை போட்டால் கணக்கு தப்பும். இரண்டையும் கல்வத்தில் அரைத்து, 900 டிகிரியில் ஒரு நாள், மறுபடி அரைத்து வில்லையாக்கி 1000 டிகிரியில் இரண்டு நாள். கரியமில வாயு போய், காற்றிலிருந்து சொற்ப ஆக்சிஜன் சேர்ந்து, 6.896 கிராம் சரியாக 5 கிராமில் வந்து நிற்கவேண்டும். தராசுதான் எங்கள் முதல் கருவி.

முதல் தடவை 4.99 வந்தது. குதித்தோம். பொருளும் கருகருவென்று அழகாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று அதே அளவில், அதே அமைப்பில் இரண்டாவது தடவை போட்டோம். 4.82 தான் வந்தது. எங்கேயோ சிந்தியிருக்கும் என்று நினைத்து மேசையிலேயே விட்டுவிட்டுப் போனோம். அந்த வில்லைதான் மறுநாள் நீறியது. உதிர்ந்த பொடியைத் திரும்ப எடை போட்டால் 5.2 கிராமுக்கு மேல்! சிந்திய பொருள் இரவில் திரும்பி வருமா?

வந்தது தண்ணீர். இந்த ஆக்சைடு சுமார் 1026 டிகிரிக்கு மேலே நிற்காது, சுட்ட சுண்ணாம்பாகவும் கோபால்ட் மோனாக்சைடாகவும் பிரிந்துபோகும். அப்படி முழுக்கப் பிரிந்தால் எடை 4.76-க்கு இறங்கும். எங்களுடையது ஏறக்குறைய அங்கே போய்விட்டது. சுட்ட சுண்ணாம்பு ராத்திரி முழுக்கக் காற்றின் ஈரத்தைக் குடித்து நீறியிருக்கிறது. வாளையாறு பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டியிருக்கிறார்கள், சிமெண்ட் ஆலையே இருக்கிறது. இந்த ஊர்க்காரன் நான், நீற்றுச் சுண்ணாம்பை அடையாளம் காண லேப் அண்ணனின் அப்பத்தா வேண்டியிருந்தது.

ஆனால் உலை 1000 என்றுதானே காட்டியது? முதல் தடவையும் அதே 1000 தானே?

இந்தக் கேள்வியோடு நாலைந்து நாள் போனது. கன்ட்ரோலரை மாற்றலாம் என்றார் ஒருவர், கம்பிச் சுருள் தேய்ந்திருக்கும் என்றார் இன்னொருவர். மாணவி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் எதையும் விடாமல் எழுதுகிறவர், மதியச் சாப்பாட்டு நேரம்கூட இருக்கும். "சார், ஃபர்ஸ்ட் டைம் சன்னல் திறந்திருந்துச்சுங்க. காத்துல பேப்பர் பறந்துச்சுன்னு எழுதியிருக்கேன். செகண்ட் டைம் மழைன்னு சாத்திட்டோம்."

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: ஆனி, ஆடியில் இங்கே துணி காயப்போட்டால் பக்கத்து ஊரில் போய் எடுக்கவேண்டும். அந்தக் காற்று நேராக உலையின் முதுகில் அடிக்கிற மாதிரி எங்கள் சன்னல். உலையின் முதுகில்தான், உள்ளே இருக்கும் சூட்டை அறியும் தெர்மோகப்பிளின் தலை, அதாவது கம்பி மாட்டும் பெட்டி, நீட்டிக்கொண்டிருக்கிறது.

கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. அங்கிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் வயரைப் பார்த்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் எலி கடித்துப்போட்டது என்று அவசரத்துக்குச் சாதாரணச் செம்பு வயரைப் போட்டு ஒட்டியவன் நானேதான்.

தெர்மோகப்பிள் என்பது வெப்பநிலையை அப்படியே அளப்பதில்லை. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் மின்னழுத்தமாகத் தரும். குளிர்ந்த முனை தன்னிடத்தில் இருக்கிறது என்று நினைத்து கன்ட்ரோலர் அறை வெப்பநிலையைக் கூட்டிக்கொள்ளும். உரிய காம்பன்சேட்டிங் கேபிள் போட்டால் அந்தக் கணக்கு சரி. செம்பு வயர் போட்டால் குளிர்ந்த முனை உலையின் முதுகிலேயே நின்றுவிடுகிறது. முதுகு 70 டிகிரி, அறை 30 டிகிரி என்றால், உலை காட்டுவதைவிட 40 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும். காட்டுவது 1000, உள்ளே 1040. காற்று அடித்த நாளில் முதுகு குளிர்ந்திருக்கிறது, எப்படியோ 1026-க்குள் தப்பித்திருக்கிறோம். முதல் வெற்றி எங்கள் திறமை இல்லை, ஆடிக்காற்றின் தயவு.

நம்பிக்கைக்கு ஒரு சோதனை செய்தோம். பகுப்பாய்வுத் தரச் சோடியம் குளோரைடு 801 டிகிரியில் உருகும். சிறு மூசையில் நாலு கல் போட்டு, சன்னலைச் சாத்தி, மெதுவாக ஏற்றினோம். 765 என்று காட்டும்போதே உப்பு உருகிக் கண்ணாடிபோல் பளபளத்தது. கே வகைத் தெர்மோகப்பிளுக்கான கேபிளை வாங்கி, நிறம் பார்த்து, முனை மாறாமல் மாட்டினோம். மறுபடி உப்பு. இந்தத் தடவை 799. ஒரு மீட்டர் வயருக்கு ஒரு மாதம்! அதற்குப் பிறகு போட்ட நாலு வில்லையும் 5 கிராமை ஒட்டியே வந்தன. மழை பெய்தாலும் சரி, காற்று அடித்தாலும் சரி.

அடுத்தது காந்தம். நான் சிக்கனம் பிடித்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்குகளை உடைத்தால் நல்ல நியோடிமியம் காந்தம் கிடைக்கும், லேபில் ஒரு மூட்டை கிடந்தது. பிறைபோல வளைந்த இரண்டு துண்டுகளை எதிரெதிரே வைத்து நடுவில் பிசினை ஊற்றினோம். இறுகியதும் பார்த்தால் பொடி ஒரு வரப்புபோல நடுவில் ஒதுங்கிக் கிடக்கிறது. காகிதத்தின் மேல் இரும்புத் தூளைத் தூவிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஹார்ட் டிஸ்க் காந்தத்தின் ஒரே முகத்தில் பாதி வடக்கு, பாதி தெற்கு. உள்ளே இருக்கும் கம்பிச்சுருளை இரு பக்கமும் தள்ள அப்படித்தான் செய்வார்கள். நடுவில் புலம் படுத்துக்கிடக்கிறது, ஓரத்தில் நிமிர்ந்து நிற்கிறது. நமக்கு வேண்டியது ஒரே சீரான புலம்.

பேசாமல் 40 மில்லிமீட்டர் சதுரக் கட்டிக் காந்தங்கள் நாலு வாங்கினேன். தென்னந்தோப்புகளுக்குக் கேட் செய்து கொடுக்கும் பட்டறையில் பட்டை இரும்பை வளைத்து 'ப' வடிவத்தில் ஒரு சட்டம் வெல்டிங் செய்து வாங்கினோம். உட்பக்கம் இரண்டிரண்டாகக் காந்தங்கள், நடுவில் 14 மில்லிமீட்டர் இடைவெளி. காஸ்மீட்டர் நடுவில் 5,200 காட்டியது, அதாவது அரை டெஸ்லாவுக்குக் கொஞ்சம் மேலே. இரும்புச் சட்டம் இல்லாமல் வெறுமனே வைத்தால் இதற்குக் கீழேதான் வரும், கோடுகள் வெளியே சிதறும். இந்தக் காந்தங்களோடு விளையாடக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் மரக்கட்டை ஒன்று இருக்கவேண்டும். என் இடது கை மோதிர விரல் நகம் இன்னும் முழுசாக வளரவில்லை.

மின்காந்தம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. பிசின் இறுகப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அத்தனை நேரம் அது சூடாகாமலும், எங்கள் ஊரில் மின்சாரம் போகாமலும் இருந்தால் பயன்படுத்தலாம்.

பிசினிலும் ஒரு பாடம் கிடைத்தது. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகையை வாங்கியது என் அவசரம். துகள் திரும்ப ஆரம்பிப்பதற்குள் அது மெழுகுபோல ஆகிவிட்டது. மெதுவாக இறுகும் வகைதான் இதற்கு. அச்சுக்குச் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்! 12 மில்லிமீட்டர் குழாயை மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்கு வளையம் வளையமாக அறுத்து, உள்ளே தேங்காயெண்ணெய் தடவினால் பத்து மில்லிமீட்டர் வட்டு சுத்தமாகக் கழன்று வரும்.

மூன்று வட்டுகள் போட்டோம். ஒன்று காந்தமே இல்லாமல். இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் நீளமான துகள்கள் சும்மாவே படுத்துக்கொள்ளும், அதைக் காந்தத்தின் வேலை என்று ஏமாறக்கூடாது. இரண்டாவது, புலம் வட்டின் முகத்துக்குச் செங்குத்தாக. மூன்றாவது, புலம் வட்டின் தளத்திலேயே படுக்கையாக. அதன் விளிம்பில் புலத்தின் திசையை ஒரு வெள்ளிப் பேனாவால் கோடு போட்டுக்கொண்டோம்.

வட்டுகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் பஸ் ஏறினோம். ஆர்வக்கோளாறில் காந்தச் சட்டத்தையும் பையில் எடுத்துப் போனேன், அங்கிருப்பவர்களுக்குக் காட்டலாமென்று. உட்கார்ந்ததும் பை போய் சீட்டுக் கம்பியில் ஒட்டிக்கொண்டது. வேலந்தாவளத்தில் பையைச் சோதிக்க ஏறியவர் இழுத்தார், வரவில்லை. "எந்தா இது?" என்றார். காந்தம் என்றேன். டப்பாவைத் திறந்து கறுப்பு வட்டுகளைக் காட்டினேன். பின்சீட்டுப் பாட்டி, "மூட்டுவலிக்குக் கட்டறதாக்கும், எம் மகனும் ஒண்ணு வாங்கியாந்தான்" என்றார். அதோடு சோதனை முடிந்தது. நானும் மறுக்கவில்லை.

முதல் ஸ்கேன் வெளிவந்தபோது திரையில் பனிமூட்டம்போல ஒரே இரைச்சல், அதற்குள் பீக்குகள், அதாவது நாங்கள் தேடும் முகடுகள், மூழ்கிக் கிடந்தன. கருவி இயக்குகிற தம்பி கேட்டார்: "இதுல கோபால்ட் இருக்குங்களா?" ஆமாம் என்றதும் சிரித்தார். அவர் கருவியில் எக்ஸ் கதிரைத் தருவது செம்புக் குழாய். அதன் கே-ஆல்ஃபா கதிரின் ஆற்றல் 8.05 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். கோபால்ட்டின் கே விளிம்பு, அதாவது அது கதிரைப் பலமாக விழுங்கத் தொடங்கும் ஆற்றல், 7.71. சற்றே மேலே இருப்பதால் கோபால்ட் அதை ஆசையாக விழுங்கி, 6.93-இல் தன் சொந்தக் கதிரை எல்லாத் திசையிலும் உமிழ்கிறது. இரும்புச் சாம்பிளிலும் இதே தொல்லைதான். அவர் டிடெக்டரின் ஆற்றல் சன்னலைக் குறுக்கினார், 7-க்குக் கீழே வருவது எண்ணிக்கையில் சேராதபடி. பனி விலகியது. ஒரு சன்னலைச் சாத்தி ஒரு வேலை கெட்டதென்றால், இன்னொரு சன்னலைக் குறுக்கி ஒரு வேலை நேரானது!

பீக்குகளைப் படிப்பது சுலபம். இந்த வகைக் கருவி, வட்டின் முகத்துக்கு இணையாகக் கிடக்கும் தளங்களை மட்டுமே பார்க்கும். சங்கிலித் திசையை சி அச்சு என்பார்கள். அதன் நீளம் 10.38 ஆங்ஸ்ட்ராம். 006 என்ற எண்ணால் குறிக்கும் அணுத் தளம் அதற்குச் செங்குத்தானது, அதன் பீக் 52.9 டிகிரியில் வரவேண்டும். 300 தளம் சங்கிலிக்கு இணையாக நிற்பது, அதன் பீக் 34.2 டிகிரியில். எங்களுக்கு இந்த இரண்டு எண்ணும் போதும். யார் உயர்கிறார், யார் தாழ்கிறார் என்று பார்த்தால் போதும்.

காந்தம் இல்லாத வட்டில் 300 நெடிதாக, 006 சின்னதாக. புத்தகத்தில் உள்ளபடி. இரண்டாவது வட்டைப் போட்டோம். அதே படம். கொஞ்சம்கூட மாற்றமில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் நுண்ணோக்கியில் பொடியைப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. ஒவ்வொரு துகளும் ஒரு படிகம் இல்லை. பத்து இருபது குட்டிப் படிகங்கள் வெவ்வேறு பக்கம் பார்த்தபடி ஒட்டிக்கொண்ட உருண்டை. உருண்டையை எந்தப் பக்கம் திருப்பினாலும் யாருக்கும் லாபமில்லை, காந்தம் என்ன செய்யும்? திரும்புவதற்கான ஆற்றலில் குறையே கிடையாது. ஒரு மைக்ரான் அளவுள்ள ஒற்றைப் படிகத்துக்குக்கூட, அறை வெப்பத்தின் உலுக்கலைவிட அந்த ஆற்றல் ஆயிரக்கணக்கான மடங்கு. ஒட்டிக்கிடப்பதைப் பிரிக்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆக, கல்வம். சித்த வைத்தியர்கள் சாமக்கணக்கில் அரை என்று சொல்வது ஏன் என்று தெரிந்தது. அகேட் கல்வத்தில் எத்தனால் விட்டு, அது காயக் காய மறுபடி விட்டு, இரண்டு மணி நேரம். சத்தம் மாறும். முதலில் மணல்மாதிரி 'கரகர', பிறகு 'சரசர', கடைசியில் வெண்ணெயில் தேய்ப்பதுபோல சத்தமே இருக்காது. மாணவி அரைத்தார், நான் அரைத்தேன், லேப் அண்ணன் வந்து எங்கள் இருவரையும் எழுப்பிவிட்டு அரைத்தார். தினமும் வீட்டில் ஆட்டுக்கல் சுற்றிய மணிக்கட்டு அவருடையது. மிதக்கும் நுண்பொடியை மட்டும் வடித்தெடுத்து, ஒரு பங்கு பொடிக்கு மூன்று பங்கு பிசினில் கலந்தோம்.

இந்தத் தடவை இரண்டாவது வட்டில் 52.9 டிகிரியில் ஊசிபோல ஒன்று எழுந்தது. படத்திலேயே அதுதான் உயரம். 34.2-இல் முன்பு நெடிதாக நின்ற 300 தரையோடு தரையாகக் கிடந்தது. மூன்றாவது வட்டில் அப்படியே தலைகீழ்: 300 ஓங்கி நிற்கிறது, 006 இருந்த இடம் தெரியவில்லை. புலம் எந்தப் பக்கமோ சி அச்சு அந்தப் பக்கம். எளிய அச்சு, அதாவது காந்தம் எளிதாக நிற்கும் திசை, சங்கிலியின் திசையேதான்.

ஒரு சந்தேகத்தை மாணவியே கேட்டார். படிகம் ஊசிபோல வளர்வதால், ஊசி வடிவமே காந்தத்தில் திரும்பியிருக்கலாமே? நல்ல கேள்வி. இரும்பில் அது பெரிய விஷயம். எங்கள் பொருளின் காந்த ஏற்புத்திறன், அதாவது புலத்துக்கு அது எவ்வளவு காந்தமாகிறது என்ற அளவு, அறை வெப்பநிலையில் ஆயிரத்தில் சில பங்கு. வடிவத்தால் வரும் திருப்பம் அந்த எண்ணின் இருமடிக்கு ஏற்பத்தான் போகும், அதாவது லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. படிகத்தின் சொந்தத் திசைச்சார்பு முன்னால் அது தூசி. இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒரு பொருளுக்கு எளிய அச்சுக்குப் பதிலாக எளிய தளம் இருந்தால் இந்த முறை இப்படி வேலை செய்யாது. நிலையான புலத்தில் அதன் சி அச்சுகள் விசிறிபோல விரிந்துகிடக்கும். அப்போது பிசின் இறுகும்வரை வட்டைப் புலத்துக்குள் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும்.

எங்கள் எக்ஸ் கதிர் 'எந்தத் திசை' என்று சொல்லிவிட்டது. 'ஏன்' என்று கேட்டால் அது வாய் திறக்காது. அதற்கு வேறு வகை எக்ஸ் கதிர் வேண்டும். எலெக்ட்ரான்களை வட்டமாக ஓடவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் சிங்க்ரோட்ரானில் கோபால்ட்டின் எல் விளிம்புகளுக்கு, அதாவது 778, 793 எலெக்ட்ரான் வோல்ட் பக்கத்துக்குக் கதிரைச் சரிசெய்து, இடம்புரியாகவும் வலம்புரியாகவும் சுழலும் ஒளியில் உட்கவர்தலை எடுத்துக் கழித்துப் பார்ப்பார்கள். அந்த வித்தியாசத்திலிருந்து சுற்றுப்பாதைத் திருப்புதிறனையும் ஸ்பின் திருப்புதிறனையும் தனித்தனியாகப் பிரிக்கும் கூட்டல் விதிகள் 1992, 1993-இல் வந்தன. இதே பொருளை அப்படி அளந்து 2006-இல் ஒரு கட்டுரை வந்தது. பட்டகத்துக்குள் இருக்கும் கோபால்ட்டின் சுற்றுப்பாதைத் திருப்புதிறன் சுமார் 1.7 போர் மேக்னட்டான் (அணுக் காந்தத்தை அளக்கும் அலகு). கோபால்ட் ஆக்சைடுகளில் இது அசாதாரணம். பொதுவாகப் படிகம் எலெக்ட்ரானின் சுற்றுப்பாதையைக் கட்டிப்போட்டுவிடும். முக்கோணப் பட்டகக் கூடு மட்டும் ஆறாவது எலெக்ட்ரானைச் சங்கிலியைச் சுற்றி ஓடவிடுகிறது. ஓடுகிற எலெக்ட்ரான் ஸ்பின்னையும் தன்னோடு கட்டிக்கொள்கிறது. பிடிவாதத்தின் வேர் அங்கே. ஸ்பின் மட்டும் என்றால் நான்குதான் வரவேண்டிய காந்தமாக்கம், அதைத் தாண்டிப் போவதும் இதனால்தான். நம் நாட்டில் இந்தோரில் 2.5 கிகா எலெக்ட்ரான் வோல்ட் இண்டஸ்-2 சிங்க்ரோட்ரான் இருக்கிறது. மாணவி அதன் படத்தை நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவைத்திருக்கிறார். வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.

புராஜெக்ட் புத்தகம் கட்டி முடித்தபின், லேப் அண்ணன் கேட்டார்: "இவ்வளவு பண்ணுனீங்க, நானும் கண்ணால பாக்கற மாதிரி ஒண்ணும் இல்லீங்களா சாரே?" நியாயம்தானே. மூன்றாவது வட்டை ஒரு தையல் நூலில் படுக்கையாகக் கட்டி, காந்தச் சட்டத்தின் இடைவெளிக்குள் தொங்கவிட்டேன். வட்டு வட்டமானது, வடிவத்தால் எந்தப் பக்கமும் சாயக் காரணமில்லை. விட்டதும் சடாரென்று திரும்பி, வெள்ளிப் பேனாக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நேராக நின்றது. அவர் விரல் நுனியால் கோட்டைக் குறுக்கே திருப்பினார். விட்டதும் படபடவென்று நடுங்கி மறுபடி நேரே. இன்னொரு தடவை திருப்பினார். வேறு பக்கமாகத் திருப்பினார். பத்துத் தடவையாவது செய்திருப்பார்.

அந்த நடுக்கம் கண்ணுக்கு வேகம் அதிகம். மாணவி போனில் ஸ்லோ மோஷனில் எடுத்தார். அலைவுக்காலம் தெரிந்தால், வட்டின் நிலைமத் திருப்புதிறனும் புலமும் கையில் இருப்பதால், இரு திசைகளின் ஏற்புத்திறன் வித்தியாசமே எண்ணாகக் கிடைத்துவிடும். கட்டி முடித்த புத்தகத்தில் இனி எங்கே சேர்ப்பது என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளி எண்ணிக்கொண்டிருந்தார்.